அச்சகமா, அறிஞரா? அறிஞர் அணியின் பேச்சு

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். ஐரோப்பிய மறுமலர்ச்சியில் பழைய நூல்களுக்கு உயிர் கொடுத்தது அச்சகமா, அறிஞரா என்பது தலைப்பு. "கூட்டன்பர்க் இல்லையென்றால் எராஸ்மஸை யாருக்குத் தெரியும்?" என்று கேட்டுக் கைதட்டல் வாங்கிப் போய்விட்டார் எதிரணித் தலைவர். கூட்டன்பர்க் ஐரோப்பாவில் அச்சு இயந்திரத்தைக் கொண்டுவந்தவர்; எராஸ்மஸ் பழைய நூல்களைப் பதிப்பித்த அறிஞர்.

சரி, வருஷக் கணக்கைப் பார்ப்போம். கூட்டன்பர்க் பைபிள் வந்தது 1455 வாக்கில். இன்றைய சுவிட்சர்லாந்தில் இருக்கும் செயின்ட் கால் மடத்துக்குள் போஜ்ஜோ பிராச்சோலினி நுழைந்தது 1416இல். போப்பின் செயலராக இருந்தவர். கான்ஸ்டன்ஸ் நகரில் கூடிய திருச்சபை மாமன்றம் அந்தப் போப்பையே பதவியிறக்கிவிட்டது. வேலை போன மனிதர் சுவடி தேடிக் கிளம்பினார். கோபுரத்தின் அடியில், இருட்டறையில், பூசணமும் தூசியும் அப்பிக் கிடந்தது பழைய ரோம ஆசிரியர் குவிண்டிலியனின் பேச்சுக்கலை நூல், முழுசாக. நம்மைப் போன்ற மேடைப் பேச்சாளர்களுக்கெல்லாம் பாட்டன் அவர்! போஜ்ஜோ தன் கையாலேயே படியெடுத்தார். அடுத்த ஆண்டே ரோமக் கவிஞர் லுக்ரீஷியஸின் நூலையும் கண்டெடுத்தார். அப்போது எங்கே ஐயா இருந்தது உங்கள் அச்சகம்?

அடுத்து 1440இல் இத்தாலிய அறிஞர் லோரென்சோ வல்லா. மேற்கு ரோமப் பேரரசையே பேரரசர் கான்ஸ்டன்டைன் போப்புக்கு எழுதிக் கொடுத்ததாக ஒரு சாசனம் இருந்தது. வல்லா வரிவரியாகப் படித்தார். கான்ஸ்டான்டிநோபிளைத் திருச்சபையின் தலைமைப் பீடங்களில் ஒன்றாகச் சொல்கிறது சாசனம். சாசனம் எழுதியதாகச் சொல்லும் காலத்தில் அந்த நகரமே எழவில்லை! போலிப் பத்திரம் என்று போட்டு உடைத்தார்.

அதே வல்லா, லத்தீன் புதிய ஏற்பாட்டைக் கிரேக்க மூலத்தோடு ஒப்பிட்டு எழுதிய குறிப்புகள் லூவனை ஒட்டிய ஒரு மடத்தில் கிடந்தன. 1504இல் அதைக் கண்டெடுத்தவர் எராஸ்மஸ். மறு வருஷமே பாரிசில் அச்சேற்றினார். இதில் அச்சகமும் உதவியது; இதை மறைத்தால் நடுவர் மார்க்கைக் குறைப்பார், அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

ஆனால் அச்சக அவசரம் என்ன செய்தது தெரியுமா? 1516இல் பாசல் நகரில், ஃப்ரோபன் அச்சகத்தில், எராஸ்மஸின் கிரேக்கப் புதிய ஏற்பாடு தயாரானது. புதிய ஏற்பாட்டின் கடைசி நூலான வெளிப்படுத்தின விசேஷத்துக்குக் கையிலிருந்த சுவடியில் கடைசி ஏடு இல்லை. வேறு சுவடிக்குக் காத்திருக்காமல், லத்தீனிலிருந்து தாமே கிரேக்கமாக்கி அந்த இடத்தை நிரப்பினார். இது பதிப்பித்த நூல் அல்ல, அவசரத்தில் தள்ளிவிட்ட நூல் என்று பிறகு அவரே நொந்துகொண்டார்.

அடுத்து வரும் எதிரணி நண்பர் ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லட்டும். கூட்டன்பர்க் அச்சடித்ததும் அதே பழைய லத்தீன் பைபிள்தானே? அதிலிருந்த எந்தப் பிழையை அவருடைய இயந்திரம் திருத்தியது?