"நாம என்ன சாதிம்மா?"

வணக்கம் மக்களே. ஐந்தாவது படிக்கும் பையனுடைய அம்மா ஒருவர் எழுதிக் கேட்டிருந்தார்: "நாம என்ன சாதின்னு கேட்கிறான், என்ன சொல்றது?"

பாதி வீடுகளில் இதற்கு ஒரே பதில்தான். "அதெல்லாம் உனக்கெதுக்கு, போய்ப் படி." பிள்ளையும் போய்விடும். அப்புறம் அதே கேள்வியைப் பள்ளிக்கூட வாசலில் பெரிய பையன்களிடம் கேட்கும். அவர்கள் ரொம்ப விளக்கமாகச் சொல்வார்கள்.

நெல்லைப் பக்கம் கையில் கட்டும் கலர் கயிறு தெரியும்தானே? எந்தக் கலர் எந்தச் சாதிக்கு என்று சின்னப் பையன்களுக்கே அத்துப்படி. 2019இல் பள்ளிக்கல்வித் துறை இதைத் தடுக்கச் சொல்லிச் சுற்றறிக்கை விட்டது. எதிர்ப்பு வந்ததும் அது கிடப்பில் போனது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவரையும் தடுக்க வந்த தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள் கூடப் படித்த பையன்கள். அவர்களுடைய பாடப்புத்தகத்திலும் முதல் பக்கத்தில் "தீண்டாமை ஒரு பாவச்செயல்" என்றுதான் அச்சடித்திருந்தது.

அதற்குப் பிறகு, பள்ளிகளில் சாதிச் சண்டையைத் தடுக்க வழி சொல்லத் தமிழக அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கயிறு வேண்டாம், பள்ளிப் பெயர்களில் சாதி வேண்டாம் என்பதைத்தான் எல்லாரும் பேசினார்கள். எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு: உதவித்தொகை விவரத்தை வகுப்பில் வைத்துக் கேட்கக் கூடாது என்கிறது அது. "எஸ்.சி. பிள்ளைங்க எல்லாம் எந்திரிங்க, ஸ்காலர்ஷிப் ஃபாரம் வந்திருக்கு." கேட்டிருப்பீர்கள். எழுந்து நிற்கும் பிள்ளைக்கு வீட்டில் யாரும் சாதியைச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. உட்கார்ந்திருக்கும் பிள்ளைதான் "எங்க வீட்ல சாதியெல்லாம் பார்க்க மாட்டோம்" என்று வளரும். மழுப்புகிற வசதி அந்த வீட்டுக்குத்தான் இருக்கிறது.

அதனால் அந்த அம்மாவுக்கு நான் சொல்வது: இன்ன சாதி என்று சொல்லிவிடுங்கள். பெருமையாகச் சொல்லாதீர்கள், நடந்ததைச் சொல்லுங்கள். தாத்தா வீட்டில் வேலைக்கு வந்தவர்களுக்குத் தனி டம்ளர் இருந்ததா? அதையும் சேர்த்து. தாத்தா நல்லவர்தான், ஆனாலும் டம்ளர் தனியாகத்தான் இருந்தது.

சின்னப் பிள்ளைகளுக்குச் சோற்று விஷயம் சட்டென்று புரியும். நான் என் மகளுக்குச் சேரன்மாதேவி குருகுலத்தைச் சொன்னேன். அதுவும் நெல்லைச் சீமைதான். 1920களில் பொதுப்பணம் வாங்கி நடத்திய அந்தப் பள்ளியில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி. அப்போது காங்கிரசில் இருந்த பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் அதை எதிர்த்தது பெரிய அரசியல். அவளுக்கு அதெல்லாம் வேண்டாம். "அப்ப ஃப்ரெண்டுகூட உட்கார முடியாதா? அந்தப் பக்கம் என்ன குழம்பு?" என்றாள். அவள் கவலை அவளுக்கு!

அப்படியே நம் வீட்டுப் பந்தியையும் பார்ப்பாள், தயாராக இருங்கள். அண்ணன் தட்டை யார் எடுக்கிறார்கள், அப்பா சாப்பிட்ட இடத்தை யார் துடைக்கிறார்கள் என்று கேள்வி வரும். வகுப்பில் மென்மையாகப் பேசும் பையனை "ஒன்பது" என்று கூப்பிடுகிறார்களே, அதுவும் வரும். திருநங்கையருக்கு 2008இலேயே நலவாரியம் வந்த மாநிலம் இது. வகுப்பறைக் கிண்டல் மட்டும் அப்படியே இருக்கிறது.

"அவனுக்கு மட்டும் ஏன் ஸ்காலர்ஷிப்?" என்ற கேள்வி பெரிது, அதைத் தனி வீடியோவாகப் போடுகிறேன். அதற்குள் பையன் கேட்டுவிட்டால் டம்ளரிலிருந்தே ஆரம்பியுங்கள். சரி, பார்ப்போம்.