கிளாராவின் விரல்கள்

எல்லோருக்கும் வணக்கம்.

பியானோ கலைஞர் கிளாரா ஷூமனை, இசையமைப்பாளர் ராபர்ட் 'ஷூமனின் மனைவி' என்ற ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் ரொம்ப வருத்தம். கல்யாணத்துக்கு முன்பே ஐரோப்பா அறிந்த பெயர் அவருடையது. அந்த நாளில் ராபர்ட் ஷூமனைத் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான்.

கிளாரா 1819-ல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் பிறந்தார். அப்பா ஃபிரீட்ரிக் வீக் கண்டிப்பான பியானோ வாத்தியார். நாலு வயது வரை சரியாகப் பேச்சு வராத பெண், 9 வயதில் அந்த ஊரின் கெவாண்ட்ஹவுஸ் கச்சேரி அரங்கின் மேடையில் வாசித்தாள். 16 வயதில், தானே எழுதிய பியானோ கன்சர்ட்டோவை, அதாவது பியானோவும் பெரிய இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் இசையை, அதே அரங்கில் வாசித்தபோது இசைக்குழுவை நடத்தியவர் புகழ்பெற்ற இசையமைப்பாளர் மெண்டல்சன்!

ராபர்ட்டைக் கட்டிக்கொள்ள அப்பா சம்மதிக்கவில்லை. விவகாரம் கோர்ட்டு வரை போனது. 1840 செப்டம்பர் 12-ல் கல்யாணம். மறுநாள் கிளாராவுக்கு 21 வயது.

அப்புறம் நடந்ததைத்தான் சொல்ல வந்தேன். ஒரே வீட்டில் இரண்டு கலைஞர்கள், சுவரோ மெல்லியது. ராபர்ட் இசை எழுத உட்கார்ந்தால் கிளாரா பியானோ பக்கம் போக முடியாது. கை பழக்கம் விட்டுப்போகிறதே என்று நாட்குறிப்பில் புலம்பியிருக்கிறார். அடுத்தடுத்து எட்டுப் பிள்ளைகள் வேறு. பெண் இசை எழுத ஆசைப்படக் கூடாது, இதுவரை யாராலும் முடியவில்லை, நான் மட்டும் முதல் ஆளா என்று 1839-லேயே எழுதிவைத்தவர் அவர். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறாது. ஏனென்றால் அதே கை 1846-ல் பியானோ, வயலின், செல்லோ மூன்றும் சேர்ந்து வாசிக்கும் ஜி மைனர் ட்ரியோவை எழுதியது.

1854 பிப்ரவரியில் ராபர்ட் ரைன் நதியில் குதித்தார். காப்பாற்றி, பான் நகருக்குப் பக்கத்தில் எண்டெனிக் மனநல விடுதியில் சேர்த்தார்கள். அப்போது கிளாரா கர்ப்பிணி. ஜூனில் கடைசிப் பிள்ளை பிறந்தது. அக்டோபரில் கச்சேரிக்குப் புறப்பட்டுவிட்டார். பிள்ளைகளுக்குச் சோறு போட்டது அந்தப் பத்து விரல்கள்.

இரண்டு வருஷத்துக்கும் மேலாகக் கணவரைப் பார்க்க மருத்துவர்கள் விடவில்லை. 1856 ஜூலை 27-ல் விட்டார்கள். ராபர்ட்டுக்குப் பேச்சு குழறியது, சாப்பாடு இறங்கவில்லை. கிளாரா தன் விரலில் கொஞ்சம் ஒயினைத் தொட்டு நீட்டினார். அவர் அதைச் சப்பிக் குடித்தார். இரண்டு நாளில் உயிர் போய்விட்டது.

கிளாராவுக்கு அப்போது 36 வயது. அதற்குப் பிறகும் ஏறக்குறைய 35 வருஷம், 1891 வரை மேடையில் வாசித்தார். பிராங்க்பர்ட்டில் ஹோக் கன்சர்வேட்டரி என்ற இசைக் கல்லூரியில் மாணவர்களை உருவாக்கினார். ஆனால் சொந்தமாக இசை எழுதுவது மட்டும் கிட்டத்தட்ட நின்றேபோனது.

சரி, பேசியது போதும். அந்த ட்ரியோவின் மூன்றாம் பகுதியை இப்போது போடுகிறோம். பியானோ தனியாகத் தொடங்கும். வயலின் எந்த இடத்தில் வந்து அதை வாங்கிக்கொள்கிறது என்று கவனியுங்கள்.