வெளியேறியவர்கள் மாற்றிய நிறுவனம்

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட் நகரை ஒட்டி ஹைலண்ட் பார்க் என்று ஓர் ஊர். 1913ஆம் ஆண்டில் அங்கிருந்த ஃபோர்டு கார் தொழிற்சாலைக்குத் தேவைப்பட்ட தொழிலாளர்கள் ஏறத்தாழ 14,000 பேர். அந்த இடங்கள் காலியாகாமல் இருக்க, அந்த ஓராண்டில் மட்டும் 50,000 பேருக்கு மேல் வேலைக்குச் சேர்க்க வேண்டியிருந்தது. சேர்ந்தவர்கள் தங்கவில்லை. சண்டை போட்டுக்கொண்டு போனவர்கள் குறைவு. பெரும்பாலானவர்கள் சில நாட்கள் வந்தார்கள், பிறகு வரவே இல்லை.

ஃபோர்டு நிறுவனத்தின் வரலாற்றைப் பேச வேண்டும் என்று வானொலி நிலையத்தார் கேட்டபோது, இந்த இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று முடிவு செய்தேன். ஹென்றி ஃபோர்டின் மேதைமையைப் பற்றி உலகம் நிறையப் பேசிவிட்டது. அவர் மேதைதான், அதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் அந்த நிறுவனத்தின் பெரிய திருப்பங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். அநேகமாக எல்லாவற்றுக்கும் பின்னால், யாரோ ஒருவர் கிளம்பிப் போயிருப்பார், அல்லது கிளம்பப்போவதாகச் சொல்லியிருப்பார். எஞ்சின் ஓடும் ஓசையைக் கேட்டே அதன் கோளாறைக் கண்டுபிடிக்கத் தெரிந்த ஒரு மனிதர், சுற்றியிருந்தவர்கள் பேசும்போது காது கொடுக்கவில்லை. அவர்கள் வாசலைத் தாண்டிய பிறகே அவருக்கு விஷயம் புரிந்தது.

அப்படிக் கிளம்பியவர்களில் முதல் ஆளும் அவரேதான். 1863இல் பிறந்த விவசாயி மகன் ஹென்றி, பயிர்த்தொழில் பிடிக்காமல் டெட்ராய்ட் போனவர். எடிசன் மின்விளக்கு நிறுவனத்தில் பொறியாளராக இருந்துகொண்டே, வீட்டுக்குப் பின்னாலிருந்த கொட்டகையில் 1896இல் தன் முதல் வண்டியைச் செய்து முடித்தார். கதவு வழியே வண்டி வெளியே வரவில்லை. கோடரியால் செங்கல் சுவரை உடைத்துத்தான் அதைத் தெருவுக்குக் கொண்டு வந்தார். 1899இல் தொடங்கிய முதல் கார் நிறுவனம் ஒன்றரை ஆண்டு தாண்டுவதற்குள் மூடப்பட்டது. அடுத்து அவர் பெயரிலேயே ஒரு நிறுவனம் வந்தது. பணம் போட்டவர்களோடு ஒத்துப்போகாமல் 1902இல் 900 டாலரை வாங்கிக்கொண்டு வெளியேறினார். அவர் விட்டுப்போன அந்த நிறுவனம்தான் காடிலாக் என்று பெயர் மாறிப் புகழ்பெற்றது.

மூன்றாவது முயற்சிதான் இன்றைய ஃபோர்டு மோட்டார் நிறுவனம். 1903 ஜூன் 16 அன்று, 28,000 டாலர் ரொக்கத்தோடு தொடங்கியது. நிலக்கரி வியாபாரி மால்கம்சன், அவரிடம் கணக்கு வழக்குகளைப் பார்த்துவந்த ஜேம்ஸ் கூசன்ஸ், எஞ்சின் செய்து கொடுத்த டாட்ஜ் சகோதரர்கள் என்று பலர் பங்கு வாங்கினார்கள். கூசன்ஸின் அக்கறையைப் பார்த்து அவருடைய சகோதரி ரொசெட்டாவும் 100 டாலர் போட்டார். அடுத்த மாதமே வங்கியிலிருந்த இருப்பு 223 டாலராகக் கரைந்துவிட்டது. அந்த நேரத்தில் சிகாகோவைச் சேர்ந்த ஒரு பல் மருத்துவர் 850 டாலர் கொடுத்து முதல் காரை வாங்கினார். நிறுவனம் பிழைத்தது.

1908 அக்டோபரில் மாடல் டி வந்தது. அன்றைய அமெரிக்கக் கிராமச் சாலைகள் மழை பெய்தால் சேறு, வெயில் அடித்தால் புழுதி. அந்தப் பாதையில் தரை தட்டாமல் போகும் உயரம், எடை குறைந்தும் உறுதி குறையாத வனேடியம் எஃகு, விவசாயியே பழுது பார்த்துக்கொள்ளக்கூடிய எளிய எஞ்சின் எல்லாம் அதில் இருந்தன. கேட்டவர்களுக்கெல்லாம் கொடுக்க முடியாத அளவுக்குத் தேவை பெருகியது. உற்பத்தியை வேகப்படுத்த வழி தேடியபோதுதான், தொழிலாளி நின்ற இடத்திலேயே நிற்க, வேலை அவர் முன்னே நகர்ந்து வரும் லைன் பிறந்தது.

அந்த மாற்றத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் மேக்னெட்டோ என்ற பாகத்தை அதுவரை ஒரே தொழிலாளி முழுவதுமாகப் பொருத்தினார். ஒன்றுக்கு 20 நிமிடம் ஆனது. 1913 ஏப்ரலில் அந்த வேலையை 29 துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் ஆளை வரிசையாக நிறுத்தினார்கள். நேரம் 13 நிமிடமாகக் குறைந்தது. மேசையின் உயரத்தையும் நகரும் வேகத்தையும் சரிசெய்ததும் 5 நிமிடமாகியது. சிகாகோவின் இறைச்சிக் கூடங்களில், தொங்கியபடி நகரும் மாட்டிலிருந்து ஆளுக்கொரு பாகத்தை வெட்டி எடுப்பார்கள்; இங்கே அதைத் திருப்பிப்போட்டு, ஆளுக்கொரு பாகத்தைச் சேர்த்தார்கள். பிறகு வண்டியின் அடிச்சட்டத்துக்கும் இதே முறை வந்தது. பன்னிரண்டரை மணி நேரம் பிடித்த வேலை ஒரு மணி 33 நிமிடத்தில் முடிந்தது.

உற்பத்திப் பொறியியல் படிக்கும் மாணவர்கள் இந்த எண்களைப் பார்த்து வியப்பார்கள். நானும் வியக்கிறேன். ஆனால் லைனில் நின்றவருக்கு என்ன நேர்ந்தது என்பதையும் அதே பாடத்தில் சொல்ல வேண்டும். முன்பு அவர் ஒரு கைவினைஞர். ஒரு பொருளைத் தொடங்கி முடிக்கிறவர். இப்போது ஒரே ஒரு நட்டை முடுக்குகிறவர். நாள் முழுக்க அதே நட்டு. நிமிரும் நேரத்தையும் லைன்தான் முடிவு செய்தது. சம்பளமோ ஒன்பது மணி நேரத்துக்கு 2 டாலர் 34 சென்ட். டெட்ராய்டில் வேறு வேலை கிடைத்தது, போய்விட்டார்கள். முதலில் நான் சொன்ன அந்த ஆண்டின் கணக்கு, தொழில் வரலாற்றில் 370 சதவீத வெளியேற்றம் என்று பதிவாகியிருக்கிறது.

1914 ஜனவரி 5 அன்று கூசன்ஸ் பத்திரிகையாளர்களை அழைத்து அறிவிப்பைப் படித்தார். இனி நாளுக்கு எட்டு மணி நேர வேலை, ஐந்து டாலர் வருமானம். உலகமே அதிர்ந்தது. சில நாட்களில் தொழிற்சாலை வாசலில் ஆயிரக்கணக்கானோர் கூடிவிட்டார்கள். இடம் இல்லை என்று சொல்லியும் கலையாத கூட்டத்தின் மீது, தண்ணீர் உறையும் குளிரில், தீயணைப்புக் குழாய்களைத் திருப்பிவிட்டார்கள்.

தொழிலாளியே கார் வாங்க வேண்டும் என்ற பெருந்தன்மையால் ஹென்றி ஃபோர்டு சம்பளத்தைக் கூட்டினார் என்று இன்றும் மேடைகளில் சொல்கிறார்கள். அதில் உண்மையின் ஒரு துளி இருக்கலாம். எனக்குத் தெரிந்தவரை, அந்த ஐந்து டாலரை வாங்கிக் கொடுத்தவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டுப்போன அந்தப் பல்லாயிரம் பேர். அவர்களுக்கு அதில் ஒரு சென்ட்கூடக் கிடைக்கவில்லை.

ஐந்து டாலரும் எல்லோருக்கும் சும்மா கிடைத்துவிடவில்லை. அடிப்படைக் கூலி பழைய 2.34 டாலர்தான். மீதி, லாபத்தில் பங்கு, தகுதியுள்ளவருக்கு மட்டும். தொடக்கத்தில் பெண்களுக்கு இல்லை. தகுதியைத் தீர்மானிக்க நிறுவனம் ஒரு சமூகவியல் துறையையே ஏற்படுத்தியது. அதன் ஆய்வாளர்கள் வீட்டுக்கே வந்தார்கள். வீடு சுத்தமாக இருக்கிறதா, குடிக்கிறாரா, பணம் சேமிக்கிறாரா, வாடகைக்கு ஆட்களைத் தங்க வைத்திருக்கிறாரா என்று மனைவியிடமும் அக்கம்பக்கத்திலும் விசாரித்தார்கள். போலந்து, இத்தாலி, ருஷ்யா என்று பல நாடுகளிலிருந்து வந்தவர்களுக்கு ஆங்கிலப் பள்ளி நடத்தினார்கள். அதன் பட்டமளிப்பு விழா மேடையில் ஒரு பெரிய கொப்பரை இருக்கும். சொந்த நாட்டு உடையில் அதற்குள் இறங்கும் தொழிலாளி, கோட்டும் சூட்டும் அணிந்து அமெரிக்கக் கொடியோடு வெளியே வருவார். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது. தன் ஊர் வேட்டியையும் மொழியையும் ஒரு கொப்பரையில் போட்டுவிட்டு வா என்று என்னிடம் கேட்டால் நான் என்ன செய்திருப்பேன்? வீட்டில் பிள்ளைகள் பசியோடு இருந்தால் நானும் இறங்கியிருப்பேன். நிறுவனத்தின் நோக்கம் நிறைவேறியது. 1915இல் வெளியேற்றம் 16 சதவீதமாகச் சரிந்தது.

அதே 1915இல் கூசன்ஸ் விலகினார். டாட்ஜ் சகோதரர்கள் சொந்தமாகக் கார் செய்யக் கிளம்பியிருந்தார்கள். லாபத்தைப் பங்கிட்டுத் தர மறுக்கிறார் என்று ஹென்றி மீது வழக்கும் போட்டார்கள். 1919இல் மிச்சிகன் உச்ச நீதிமன்றம் 1 கோடியே 90 லட்சம் டாலரைப் பங்குதாரர்களுக்குக் கொடுக்க உத்தரவிட்டது. அப்போது ஹென்றியும் அதே ஆயுதத்தை எடுத்தார். தலைவர் பதவியை மகன் எட்செலிடம் கொடுத்துவிட்டு, தான் புதிய நிறுவனம் தொடங்கி இன்னும் மலிவான கார் செய்யப்போவதாகப் பேச்சைப் பரப்பினார். மிரண்டுபோன பங்குதாரர்கள் விற்றுவிட்டார்கள். ரொசெட்டாவின் 100 டாலர் முதலீட்டுக்கு அன்று கிடைத்த விலை 2,60,000 டாலருக்கும் மேல்.

நிறுவனம் முழுவதும் ஒரே குடும்பத்தின் கைக்கு வந்தது. தட்டிக்கேட்க ஆளில்லாமல் போனது. அந்த ஆண்டுகளில்தான் ஹென்றி தன் சொந்தப் பத்திரிகையில் யூதர்களுக்கு எதிரான வெறுப்புக் கட்டுரைகளைத் தொடர்ந்து வெளியிட்டார். 1927இல் மன்னிப்புக் கேட்டுப் பத்திரிகையை மூடினாலும், அந்த நஞ்சு ஐரோப்பா வரை பரவிவிட்டிருந்தது. அவரைப் போற்றிப் பேசுகிறவர்கள் இதைத் தாண்டிப் போகக் கூடாது.

காரிலும் அதே பிடிவாதம். மாடல் டி காலத்துக்கு ஒவ்வாததாகிவிட்டது, புதிய வண்டி வேண்டும் என்று 1926இல் ஆறு பக்கக் குறிப்பு எழுதிய எர்னஸ்ட் கான்ஸ்லர் சில மாதங்களில் வேலையை இழந்தார். அவர் எட்செலின் நெருங்கிய உறவினர். அந்த உறவும் உதவவில்லை. உற்பத்தியில் தேர்ந்தவரான வில்லியம் நூட்சன் 1921லேயே கசந்துபோய் வெளியேறி, ஜெனரல் மோட்டார்ஸில் சேர்ந்து, ஷெவர்லே காரை ஃபோர்டுக்கு நேர்ப்போட்டியாக வளர்த்துக்கொண்டிருந்தார். வாங்குகிறவர்கள் அந்தப் பக்கம் நகரத் தொடங்கினார்கள். கடைசியில் 1927 மே மாதம், ஒன்றரைக் கோடி வண்டிகளுக்குப் பிறகு, மாடல் டி நின்றது. அடுத்த காரான மாடல் ஏ டிசம்பரில்தான் வந்தது. இடைப்பட்ட மாதங்களில் பல்லாயிரம் தொழிலாளர்கள் சம்பளமின்றி வீட்டில் இருந்தார்கள்.

பிறகு பெருமந்தம் என்ற பொருளாதாரச் சரிவு வந்தது. டியர்பார்னில் ரூஜ் ஆற்றங்கரையில் கட்டிய பிரம்மாண்டமான ஆலைக்குள் ஒரு பக்கம் கப்பலில் இரும்புத் தாது இறங்கியது, மறுபக்கம் கார் வெளியே வந்தது. 1929இல் அங்கே லட்சம் பேர் வேலை பார்த்தார்கள். ஹாரி பென்னட் என்பவரின் காவல் படை ஒவ்வொருவரையும் கண்காணித்தது. லைனில் பேசினால் வேலை போகும் என்பதால், உதடு அசையாமல் பேசக் கற்றுக்கொண்டார்கள். 1932 மார்ச் 7 அன்று வேலையிழந்தவர்கள் ரூஜ் ஆலை நோக்கி ஊர்வலம் போனார்கள். போலீசும் ஆலைக் காவலர்களும் சுட்டதில் நால்வர் அங்கேயே இறந்தார்கள். ஐந்தாமவர் பின்னர் இறந்தார்.

1937 மே 26. ஆலை வாசலில் இருந்த நடைமேம்பாலத்தில் துண்டறிக்கை கொடுக்க வந்த வால்ட்டர் ராய்தர், ரிச்சர்ட் பிராங்கன்ஸ்டீன் உள்ளிட்ட, யூஏடபிள்யூ என்ற கார்த் தொழிலாளர் சங்கத்தினரை பென்னட்டின் ஆட்கள் அடித்து நொறுக்கினார்கள். பெண்களையும் விடவில்லை. படம் எடுத்தவர்களிடமிருந்து பிலிம்களைப் பறித்தார்கள். டெட்ராய்ட் நியூஸ் படக்காரர் ஒருவர் எடுத்த தகடுகளைக் காரின் பின்னிருக்கையில் மறைத்துவிட்டு வெற்றுத் தகடுகளைக் கொடுத்தார். மறுநாள் நாடே அந்தப் படங்களைப் பார்த்தது.

1941 ஏப்ரலில் வேலைநிறுத்தத்தால் ரூஜ் ஆலையே நின்றது. கறுப்பினத் தொழிலாளர்களுக்கு மற்ற கார் ஆலைகளைவிட ஃபோர்டு அதிக வேலை கொடுத்திருந்தது, பெரும்பாலும் கொதிக்கும் வார்ப்படச் சாலையில்தான் என்றாலும். அதனால் சங்கத்தை நம்பத் தயங்கிப் பலர் உள்ளேயே இருந்தார்கள். கறுப்பின மக்களின் உரிமை இயக்கத் தலைவர் வால்ட்டர் வொயிட் நேரில் வந்து அவர்களை வெளியே வரும்படி கேட்டுக்கொண்டார். மே மாத வாக்கெடுப்பில் ஏறத்தாழ 70 சதவீதம் பேர் யூஏடபிள்யூ சங்கத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். சங்கமே வேண்டாம் என்றவர்கள் நூற்றில் மூன்று பேர்கூட இல்லை.

சங்கத்தோடு ஒப்பந்தத்தில் கையெழுத்திட மாட்டேன், ஆலையை மூடுவேன் என்றார் ஹென்றி. அடுத்த நாள் கையெழுத்தாகிவிட்டது. மற்ற நிறுவனங்கள் கொடுத்ததைவிடத் தாராளமான ஒப்பந்தம். இரவில் நடந்ததை அவருடைய தளபதியாக இருந்த சோரன்சன் பின்னாளில் பதிவு செய்திருக்கிறார். இன்னும் ரத்தம் சிந்துவதைப் பார்க்க முடியாது, கையெழுத்திடாவிட்டால் வீட்டை விட்டுப் போய்விடுவேன் என்று மனைவி கிளாரா சொல்லிவிட்டார் என்று ஹென்றியே அவரிடம் கூறினாராம்.

1943இல் எட்செல் 49 வயதில் இறந்தார். எண்பது வயதை நெருங்கிய ஹென்றி மீண்டும் தலைவரானார். உண்மையான அதிகாரம் பென்னட்டிடம் போய்க்கொண்டிருந்தது. என் மகனைத் தலைவராக்காவிட்டால் என் பங்குகளை விற்றுவிடுவேன் என்று 1945இல் எட்செலின் மனைவி எலினோர் உறுதியாகச் சொன்னார். கிளாராவும் மருமகள் பக்கம் நின்றார். 28 வயது பேரன் இரண்டாம் ஹென்றி ஃபோர்டு தலைவரானதும் முதல் வேலையாக பென்னட்டை அனுப்பினார். இன்றைய ஃபோர்டு நிறுவனம் உயிரோடு இருப்பதற்கு இந்த இரு பெண்களுக்கும் நன்றி சொல்ல வேண்டும். நிறுவன வரலாறுகளில் அவர்களுக்குக் கிடைக்கும் இடம் மிகச் சிறிது.

அதற்குப் பிந்தைய கதை உங்களில் பலருக்குத் தெரியும். 1956இல் பொதுமக்களுக்குப் பங்கு விற்பனை, எட்செல் பெயரில் வந்த காரின் பெருநட்டம், 1964இல் மஸ்டாங். 2006இல் தன் நீல நிற முத்திரையையும் சேர்த்து அடகுவைத்து 2,300 கோடி டாலருக்கு மேல் கடன் வாங்கியதால், 2009இல் ஜெனரல் மோட்டார்சும் கிரைஸ்லரும் திவாலானபோது ஃபோர்டு தப்பியது.

நமக்கு இந்த நிறுவனம் மறைமலை நகரில் அறிமுகமானது. 1995இல் மஹிந்திராவோடு கூட்டாகத் தொடங்கி, ஐகான், ஃபிகோ, ஈகோஸ்போர்ட் என்று அங்கிருந்து வண்டிகள் உலகெங்கும் போயின. 2021 செப்டம்பரில், பத்தாண்டுகளில் 200 கோடி டாலர் நட்டம் என்று சொல்லி, இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. இந்த முறை கிளம்பியது நிறுவனம். நியாயமான இழப்பீடு கேட்டு 2022இல் தொழிலாளர்கள் ஆலைக்குள் உட்கார்ந்து போராடினார்கள். ஜூலையில் கடைசி வண்டி வெளியே வந்தது. டெட்ராய்டில் 1913இல் இருந்தது போல வாசலைத் தாண்டினால் இன்னொரு வேலை என்ற நிலை, நாற்பதை நெருங்கிய வயதில் வீட்டுக்கடனோடு நின்ற இவர்களில் பலருக்கு இல்லை.

2024இல், அந்த ஆலையை ஏற்றுமதிக்காக மீண்டும் பயன்படுத்த விரும்புவதாக ஃபோர்டு தமிழக அரசுக்குக் கடிதம் கொடுத்தது. 2025 அக்டோபரில் 3,250 கோடி ரூபாயில் அங்கே எஞ்சின் செய்ய ஒப்பந்தம் ஆகியிருக்கிறது. 600 பேருக்கு மேல் வேலை கிடைக்கும் என்கிறார்கள். அந்த இடங்களுக்கு ஆள் எடுக்கும்போது, 2022இல் அந்த வாசலை விட்டு வெளியே வந்தவர்களை முதலில் அழைக்க வேண்டும். அரசு அதை நிபந்தனையாகவே வைக்க வேண்டும் என்று இந்த வானொலி வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

நன்றி, வணக்கம்.