இது எந்த நிர்வானா?

வணக்கம்.

1967 அக்டோபரில் லண்டனில் ஐலண்ட் ரெக்கார்ட்ஸ் ஓர் ஆல்பம் வெளியிட்டது: ‘தி ஸ்டோரி ஆஃப் சைமன் சிமோபத்’. சிறகு முளைக்காதா என்று ஏங்கும் ஒருவனின் கதையைப் பாட்டுப் பாட்டாகச் சொல்லிச் செல்லும் ஆல்பம். அயர்லாந்துக்காரர் பாட்ரிக் கேம்ப்பெல்-லயன்ஸும் கிரேக்கர் அலெக்ஸ் ஸ்பிரோபுலோஸும் சேர்ந்து செய்தது. அந்தக் குழுவின் பெயர் நிர்வானா. பின்னாளில் அதே பெயரில் உலகப் புகழ் பெற்ற அமெரிக்க ராக் குழுவின் பாடகர் கர்ட் கோபேன் பிறந்ததே அந்த ஆண்டுதான்.

கோபேனின் நிர்வானா 1987-இல் வாஷிங்டன் மாநிலத்தின் அபர்டீனில் உருவானது. 1991 செப்டம்பரில் ‘நெவர்மைண்ட்’ வந்து உலகமெங்கும் பரவியதும், லண்டன் நிர்வானா கலிஃபோர்னியாவில் வழக்குப் போட்டது. வழக்கு நீதிமன்றத்துக்கு வெளியே சமரசமாக முடிந்தது. இரு தரப்பும் பெயரை வைத்துக்கொண்டன. பிறகு 1996-இல் லண்டன் நிர்வானா, கோபேனின் ‘லித்தியம்’ பாட்டைத் தன் பாணியில் பாடி வெளியிட்டது. ஆகவே ‘நிர்வானாவின் லித்தியம்’ என்று யாராவது சொன்னால், எது என்று திருப்பிக் கேட்பதில் தப்பே இல்லை.

நம் ஊர்களில் ஒரே தெருவில் நாலு முருகேசன் இருந்தால் என்ன செய்கிறோம்? இனிஷியல் போடுகிறோம், ஊர்ப்பெயரை முன்னால் சேர்க்கிறோம். பாப் இசைக்கும் அதே வைத்தியம்தான். ஒரு குழுவை அடையாளம் காணப் பெயரோடு ஊர், ஆண்டு, லேபிள் (ரெக்கார்டை வெளியிட்ட நிறுவனம்) மூன்றும் வேண்டும்.

இந்த இனிஷியல்கள் ஆல்பம் அட்டையிலேயே ஏறிய கதைகள் உண்டு. வணிகச் சின்ன உரிமை நாட்டுக்கு நாடு தனி. பிரிட்டனில் சொந்தமாக இருக்கும் பெயர் அமெரிக்காவில் வேறொருவருடையதாக இருக்கலாம். ஸ்கா என்ற ஜமைக்கா பாணி நடன இசை வாசித்த பர்மிங்காம் குழு தி பீட், அமெரிக்காவில் பால் காலின்ஸின் பீட் இருந்ததால் அங்கே ‘இங்கிலிஷ் பீட்’ ஆனது. ஸ்வேடு என்ற பெயரில் ஓர் அமெரிக்கப் பாடகி இருந்தார். அதனால் பிரிட்டிஷ் ஸ்வேடு அங்கே ‘லண்டன் ஸ்வேடு’. சான் ஃபிரான்சிஸ்கோவில் 1960-களிலேயே ஒரு சார்லட்டன்ஸ் இருந்ததால், பிரிட்டிஷ் சார்லட்டன்ஸுக்குப் பின்னால் ‘யூகே’ ஒட்டியது. பழைய ரெக்கார்டு வாங்குபவர்களுக்கு இது நேரடியாகப் பயன்படும்: அட்டையில் இந்த ஒட்டு இருந்தால் அது அமெரிக்கப் பிரதி, பிரிட்டனின் முதல் அச்சு இல்லை.

எனக்கு மிகவும் பிடித்தது புஷ் விவகாரம். டொமினிக் ட்ரொயானோவின் புஷ் என்ற குழு கனடாவில் 1970-களிலேயே இருந்தது. அதனால் கேவின் ராஸ்டேலின் லண்டன் புஷ், கனடாவில் மட்டும் ‘புஷ் எக்ஸ்’ என்று விற்றது. 1997-இல் ட்ரொயானோ பெயரை விட்டுக்கொடுத்தார். பதிலுக்கு அவர் தனக்கென்று எதுவும் கேட்கவில்லை. இரண்டு அறக்கட்டளைகளுக்குத் தலா 20,000 டாலர் நன்கொடை. அதில் ஒன்று இசைச் சிகிச்சைக்கானது. பெயர்ச் சண்டை இவ்வளவு கண்ணியமாக முடிந்தது அபூர்வம்.

மற்றவர்கள் பெயரையே திருத்திக்கொண்டார்கள். அயர்லாந்தின் பிளிங்க்குக்காக பிளிங்க்-182. தி டைனோசர்ஸுக்காக டைனோசர் ஜூனியர். அமெரிக்காவின் டஸ்ட் பிரதர்ஸுக்காக, அதே பெயரில் இயங்கிய இங்கிலாந்து இரட்டையர் 1995-இல் கெமிக்கல் பிரதர்ஸ் ஆனார்கள். 2012-இல் அமெரிக்காவின் ஒன் டைரக்ஷன், பிரிட்டிஷ் ஒன் டைரக்ஷன் மீது வழக்குத் தொடுத்தது. முடிவில் அமெரிக்கக் குழுதான் அன்சார்ட்டட் ஷோர்ஸ் என்று மாறியது.

இனி வார்லாக்ஸ். கிரேட்ஃபுல் டெட், வெல்வெட் அண்டர்கிரவுண்ட் இரண்டுமே 1965-இல் கொஞ்ச காலம் வார்லாக்ஸ் என்ற பெயரில் இருந்தவை. டெக்சஸின் டல்லாசிலும் ஒரு வார்லாக்ஸ் இருந்தது. அதில் வாசித்தவர்களில் இருவர் டஸ்டி ஹில், ஃபிராங்க் பியர்ட். பின்னாளில் ஸீ ஸீ டாப் என்ற அமெரிக்க ராக் குழுவில் பேஸும் டிரம்ஸும். இந்த இருவரையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கிலாந்தின் ஸாம்பீஸ் குழு 1967 டிசம்பரிலேயே கலைந்துவிட்டது. ஆனால் அவர்களுடைய ‘டைம் ஆஃப் தி சீஸன்’ 1969-இல் அமெரிக்காவில் பில்போர்டு 3-ஆம் இடத்துக்கு ஏறியது. பாட்டு ஓடுகிறது, மேடையேறக் குழு இல்லை. மிச்சிகனின் டெல்டா புரமோஷன்ஸ் என்ற நிறுவனம் அந்த இடைவெளியில் நுழைந்து, போலி ஸாம்பீஸ்களைத் தயார்செய்து ஊர் ஊராக அனுப்பியது. டெக்சஸிலிருந்து போன போலி ஸாம்பீஸில் அந்த ஹில்லும் பியர்டும் இருந்தார்கள்! அந்தக் காலத்தில் ரசிகருக்குக் குரல் தெரியும், முகம் தெரியாது. மோசடி நடந்தது அதனால்தான்.

1974-இல் ஃப்ளீட்வுட் மேக்கின் மேலாளர், பெயர் தனக்கே சொந்தம் என்று சொல்லி வேறு ஆட்களை அமெரிக்கப் பயணத்துக்கு அனுப்பினார். அந்த ஆட்கள் பிறகு ஸ்ட்ரெச் என்ற குழுவாகி, மறு ஆண்டே ‘வொய் டிட் யூ டூ இட்’ என்ற பாட்டில் மிக் ஃப்ளீட்வுட்டைச் சாடினார்கள். பிரிட்டனில் அது ஹிட்.

அப்படியானால் பெயர் யாருக்குச் சொந்தம்? பிரிட்டிஷ் ஹெவி மெட்டல் குழு சாக்ஸன் வழக்கில் 2003-இல் தெளிவான தீர்ப்பு வந்தது. எழுத்து ஒப்பந்தம் இல்லாத குழு சட்டத்தின் பார்வையில் ஒரு கூட்டு வணிகம். பெயரும் நற்பெயரும் கூட்டுக்குச் சொந்தம், தனி உறுப்பினருக்கு இல்லை. புதிதாகக் குழு தொடங்குபவர்கள் ஒருவர் விலகினால் பெயர் யாருக்கு என்று ஒரே ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்திட்டு வையுங்கள். பெயர் வைக்குமுன் இணையத்தின் இசைத் தகவல் தளங்களான டிஸ்காக்ஸ், மியூசிக்பிரெய்ன்ஸ் இரண்டிலும் தேடுங்கள். பிறகு இந்திய வணிகச் சின்னப் பதிவேட்டின் பொதுத் தேடலில் 9, 41 ஆகிய வகுப்புகளைப் பாருங்கள். 9 ஒலிப்பதிவுகளுக்கு, 41 நிகழ்ச்சிகளுக்கு. டி-ஷர்ட் விற்பதானால் 25-உம் சேர்த்து.

இப்போது கேட்பவர் பக்கம். கையில் ஒரு பாட்டு இருக்கிறது, பெயர் கலைடாஸ்கோப் என்று இருக்கிறது. லண்டன் கலைடாஸ்கோப்பும் கலிஃபோர்னியா கலைடாஸ்கோப்பும் 1967-இல்தான் முதல் ஆல்பம் போட்டன. மெக்சிகோவிலும் 1969-இல் ஒன்று. மூன்றுமே சைகடெலிக் இசை, அதாவது கனவுமயக்கம் போல ஒலிக்கும் 1960-களின் ராக் பாணி. ஆண்டும் பாணியும் இங்கே கைவிட்டுவிடும், லேபிள் காப்பாற்றும். ஃபொன்டானா என்றால் லண்டன், எபிக் என்றால் கலிஃபோர்னியா, ஓர்ஃபியோன் என்றால் மெக்சிகோ. லண்டன் குழுவின் ஆல்பத்துக்குத் தலைப்பு ‘டேஞ்சரின் ட்ரீம்’. அதே 1967-இல் பெர்லினில் டேஞ்சரின் ட்ரீம் என்றே ஒரு குழு பிறந்தது. தேடல் பெட்டியில் இரண்டும் சேர்ந்து வந்து நிற்கும்.

டிஸ்காக்ஸில் ஒரே பெயருக்கு அடைப்புக்குறிக்குள் எண் போடுவார்கள். கோபேனின் குழு வெறும் நிர்வானா. லண்டன் குழு நிர்வானா (2). எண் மூப்பைக் காட்டாது, மூத்தவர்தான் இங்கே இரண்டு! எண் இல்லாத முதல் பக்கத்தில் சம்பந்தமில்லாத ரெக்கார்டுகள் தவறாக வந்து சேர்வது வழக்கம், எச்சரிக்கையாகப் பாருங்கள். மியூசிக்பிரெய்ன்ஸில் பெயருக்குப் பக்கத்திலேயே நாடு, காலம், பாணி பற்றி ஒரு வரி இருக்கும்; விரைவாகத் தெரிந்துகொள்ள அது நல்லது.

அடுத்தது ஐஎஸ்ஆர்சி. ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் 12 எழுத்து-எண்கள் கொண்ட அடையாளம். முதல் 5 இடங்கள் குறியீட்டைக் கொடுத்தவருக்கு, அடுத்த 2 ஆண்டுக்கு, கடைசி 5 வரிசை எண்ணுக்கு. ஒலிப்பதிவு நிறுவனங்களின் உலகக் கூட்டமைப்பான ஐஎஃப்பிஐ நடத்தும் பொதுத் தேடல் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். இரண்டு இடத்தில் சறுக்கும். தொடக்க எழுத்துகள் பாடகரின் நாட்டைக் காட்டுவதில்லை, குறியீடு யார் வழியாக வந்தது என்பதையே காட்டும். அந்த 2 இலக்க ஆண்டு குறியீடு ஒதுக்கிய ஆண்டு, பாடிய ஆண்டு இல்லை. இந்த முறையே 1986-இல்தான் வந்தது.

ஸ்ட்ரீமிங்கில் புதியவரின் பாட்டு வேறொருவரின் பக்கத்தில் போய் விழுவதற்குக் காரணம் எளிது. பதிவேற்றும்போது, ‘இந்தக் கலைஞர் ஏற்கெனவே இருக்கிறாரா’ என்ற கேள்விக்குப் பதில் தராமல் தாண்டினால், பெயர்ப் பொருத்தத்தை வைத்து இயந்திரமே முடிவெடுத்துவிடும். சொந்தப் பக்கத்தின் இணைப்பைக் கொடுங்கள், முதல் பாட்டானால் புதிய பக்கம் கேளுங்கள். கேட்டவர் எண்ணிக்கை அடுத்தவர் கணக்கில் ஏறிய பிறகு திருத்துவது பெரும்பாடு.

தலைப்பு இன்னும் குழப்பம், ஏனென்றால் பாட்டுத் தலைப்புக்குப் பதிப்புரிமை கிடையாது. ‘தி பவர் ஆஃப் லவ்’ என்று 1984, 1985-க்குள் மூன்று வெவ்வேறு ஹிட்டுகள்: ஃபிராங்கி கோஸ் டு ஹாலிவுட், ஜெனிஃபர் ரஷ், ஹ்யூயி லூயிஸ் அண்ட் தி நியூஸ். செலின் டியோன் பாடியது ரஷ்ஷின் பாட்டு. 2012-இல் கேப்ரியல் ஏப்ளின் பாடியது ஃபிராங்கியின் பாட்டு. மறுபாடலா, தலைப்பு மட்டும்தான் ஒன்றா என்று அறிய எழுதியவர் பெயரைப் பாருங்கள். படைப்புக்கென்றே ஐஎஸ்டபிள்யூசி என்ற தனி எண் உண்டு, டி என்ற எழுத்தில் தொடங்கும்.

நம்மவர் ஒருவரும் இந்தப் பட்டியலில் இருக்கிறார். ஈழத் தமிழ்க் குடும்பத்தின் மாதங்கி அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. அவருக்கு முன்பே 1980-களில் அமெரிக்காவில் எம்.ஐ.ஏ. என்ற பங்க் குழு இருந்தது. பெர்லினில் ‘மியா’ என்ற குழு அதே மூன்று எழுத்துகளுக்குப் பின்னால் ஒரே ஒரு புள்ளி வைக்கிறது. ஆல்பம் பெயரைச் சேர்த்துத் தேடுங்கள்: 2005 ‘அருளர்’, 2007 ‘கலா’. தந்தை பெயரும் தாய் பெயரும், உண்மையிலேயே இனிஷியல்! ‘கலா’வின் ‘பேப்பர் பிளேன்ஸ்’ பாட்டில் எழுதியவர் பட்டியலைத் திறந்தால் தி கிளாஷ் குழுவினரின் பெயர்கள் வரும், அவர்களின் 1982-ஆம் ஆண்டுப் பாட்டு ‘ஸ்ட்ரெய்ட் டு ஹெல்’ அதில் சாம்பிள் ஆகியிருப்பதால், அதாவது அதன் ஒலித்துண்டு எடுத்துச் சேர்க்கப்பட்டிருப்பதால். புதிய பாட்டுகளைக் கண்டுபிடிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. பிடித்த பாட்டின் எழுதியவர் பட்டியலில் அறியாத பெயர் இருந்தால் அங்கே போங்கள்.

பெயரே தெரியாத பாட்டானால், ஒலியைக் கேட்டுப் பெயர் சொல்லும் ஷஸாம் இருக்கிறது. அது 2002-இல் பிரிட்டனில் 2580 என்ற எண்ணுக்குப் போன் செய்யும் சேவையாகத் தொடங்கியது. அது ஒலியின் உச்சப் புள்ளிகளையும் அவற்றுக்கிடையே உள்ள நேர இடைவெளியையும் குறித்துக்கொண்டு, சேமிப்பில் உள்ள பதிவுகளோடு ஒப்பிடுகிறது. கூட்ட இரைச்சலைத் தாங்கும். வேகம் மாறினால் தடுமாறும். ரீல்ஸில் வேகம் கூட்டிய பாட்டு 1.25 மடங்கு என்றால் அதை 0.8-க்குக் குறைத்துப் போடுங்கள். 25 சதவீதம் கூட்டியதற்கு 25 குறைத்தால் 0.75 ஆகிவிடும், சுருதி இறங்கிப்போகும். சுருதியைக் காக்கும் வசதியையும் அணைத்துவிடுங்கள், வேகமும் சுருதியும் சேர்ந்தே இறங்க வேண்டும்.

சேமிப்பில் இல்லாத பதிவை ஷஸாம் சொல்லவே முடியாது. 1980-களில் ஜெர்மனியின் என்டிஆர் வானொலியிலிருந்து கேசட்டில் பிடித்த ஒரு பாட்டை, யாருடையது என்று தெரியாமல் 2007 முதல் இணையத்தில் பலர் தேடினார்கள். வணிக வெளியீடே இல்லாததால் எந்தக் கருவியும் உதவவில்லை. கடைசியில் பழைய செய்தித்தாள்களைத்தான் புரட்டினார்கள்: என்டிஆர் நடத்திய ஹோர்ஃபெஸ்ட் போட்டியில் கலந்துகொண்ட குழுக்களை ஒவ்வொன்றாகத் தேடி, உறுப்பினர்களைத் தொடர்புகொண்டார்கள். 2024 நவம்பரில் விடை கிடைத்தது. கீல் நகரத்தின் ஃபெக்ஸ் குழு; பாட்டு ‘சப்வேஸ் ஆஃப் யுவர் மைண்ட்’. அவர்களுக்கு வழிகாட்டிய தடயம் வானொலியும் காலமும்தான்.