மதில்மேல் கிடக்கும் பப்பாளி விதை யாருடையது?

மதுரைக்குப் பக்கத்துல நாகமலைப் புதுக்கோட்டையில இருந்து ஒரு அம்மா கேட்டிருக்காங்க: "காலையில மதில்மேல பப்பாளி விதையா ஒரு குவியல் கிடக்குது. கேமரா வச்சேன், இலை ஆடுறதுதான் பதிவாகுது. வாழைப்பழம் வச்சா கிட்ட வருமா?" அந்த விதைக் குவியலைக் கவனிச்சீங்க பாருங்க, அதுக்கே முதல்ல சந்தோஷம்.

விதை உடையாம முழுசா, உயரமான இடத்துல, திரும்பத் திரும்ப அங்கேயே கிடந்தா பெரும்பாலும் மரநாய்தான், ராத்திரியில மரமேறிப் பழம் தின்கிற பூனை அளவு விலங்கு. பழத்தை விதையோட முழுங்கிடும், விதை அப்படியே எச்சத்துல வந்துடும். சிலர் புனுகுப்பூனைன்னு சொல்றாங்க. அது தரையில நடமாடுறது, வால்ல வளையம் வளையமா இருக்கும். மரநாய் வால்ல வளையம் கிடையாது.

ஆனா குவியலை மட்டும் வச்சு முடிவு கட்டாதீங்க. பழைய நேயர்களுக்குத் தெரியும், எப்பவும் சொல்றதுதான்: கேமராவுக்கு முன்னாடி மண்ணைப் படிங்க. அந்த விலங்கு மதில்ல இருந்து இறங்குற இடத்துல, ரெண்டடிக்கு மூணடி, சலிச்ச செம்மண்ணை அரை அங்குலம் பரப்பி, பலகையால மட்டம் பண்ணி, லேசா தண்ணி தெளிங்க. விரலால அமுக்கினா ரேகை பதியணும், மண்ணு விரல்ல ஒட்டக்கூடாது. அதுதான் பதம். காய்ஞ்சா தடத்தோட ஓரம் உதிரும், ஈரம் கூடினா மண்ணு காலோட பேந்து வந்துடும்.

இருட்டினதும் மட்டம் பண்ணுங்க, விடிஞ்சதும் பாருங்க. வெயில் ஏறினா கீரி வந்து மிதிச்சுடும், அது பகல்ல திரியுறது. சாய்ஞ்ச வெளிச்சத்துலதான் தடம் நல்லாத் தெரியும். நாலு விரல், நகம் தெரியலைன்னா பூனை. நாலு விரலோட நகமும் பதிஞ்சிருந்தா நாய். அஞ்சு விரல், பின்னங்கால் தடம் கொஞ்சம் நீளமா இருந்தா மரநாய்.

இப்ப, தானா படம் எடுக்கிற அந்தக் கேமரா. அதுல இருக்கிற சென்சார் பார்க்கிறது உடம்புச் சூட்டுக்கும் பின்னால இருக்கிற சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை. சித்திரை, வைகாசியில நம்ம ஊர் மேற்குப் பார்த்த சுவர் ராத்திரியிலும் கொதிக்கும். அதுக்கு எதிர்ல வச்சா விலங்கு நடந்தாலும் சென்சாருக்குத் தெரியாது, வெயில்ல சூடான இலை ஆடினா படம் எடுக்கும். நிழல்ல கிடந்த மண் தரையைப் பார்த்து, ஒன்றரை அடி உயரத்துல, தடத்துல இருந்து ஆறுல இருந்து பத்தடி தள்ளிக் கட்டுங்க. முன்னால ஆடுற இலையைக் கழிச்சுடுங்க. எந்தப் பக்கம் திருப்பணும்? அதுக்கும் மண்ணைத்தான் படிக்கணும்.

வாழைப்பழம் வேண்டாம்மா. தினமும் ஒரே இடத்துல வச்சா பெருச்சாளி சேரும். பெருச்சாளியைப் பார்த்துப் பக்கத்து வீட்டுல எலி மருந்து வைப்பாங்க. மருந்து தின்ன எலியை மரநாயும் ஆந்தையும் தின்னு சாகும். நீங்க ஆசையா வச்ச பழம் அங்க கொண்டுபோய் விடும்.

"எப்படிக் கிட்ட வர வைக்கிறது"ங்கிறதை விட, "ஏன் வருது"ன்னு கேட்டிருந்தா இன்னும் சந்தோஷப்பட்டிருப்பேன். உங்க பப்பாளிக்குத்தான் வருது. உச்சியில ரெண்டு பழத்தைப் பறிக்காம விடுங்க. கோடையில வாய் அகன்ற மண்சட்டியில ரெண்டு அங்குலம் தண்ணி, உள்ள ஒரு கல்லு. கொசு பெருகாம இருக்க தினமும் மாத்துங்க. பூனை பதுங்குற புதர்ல இருந்து ஆறடி தள்ளி வச்சா பகல்ல குருவியும் குடிக்கும். சட்டியைச் சுத்தியும் அந்தச் செம்மண்ணைப் பரப்பி வைங்க.