மூணு நூல் டிரில்லும் ஏட்டுச் சுரைக்காயும்

(கோவையில் ஒரு வாசகர் வட்டத்தின் மாதக் கூட்டத்தில் பேசியது. மேடையில் நாக்கு தடுமாறிய ஓரிரண்டு ஆண்டுகளை மட்டும் திருத்தி எழுதியிருக்கிறேன்.)

கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் நூலகர் அம்மா அவர்களே, வரவேற்புரையில் எனக்கு இல்லாத பட்டங்களை எல்லாம் தாராளமாக வழங்கிவிட்ட தமிழாசிரியர் ஐயா அவர்களே, ஓய்வுபெற்ற வட்டாட்சியர் ஐயா அவர்களே, நாற்காலியும் மைக்கும் வாடகை வாங்காமல் தந்த பந்தல் கடைக்காரர் அவர்களே, பட்டறையை இரண்டு மணி நேரம் முன்னதாகவே பூட்டிவிட்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் லேத்துப் பட்டறை அண்ணன் அவர்களே, அவரை அழைத்து வந்த அவருடைய மகள் அவர்களே, பின்வரிசைப் பெரியோர்களே, அதற்கும் பின்னால் நின்றுகொண்டே கேட்கிற தம்பிகளே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம். பொன்னாடைக்கு நன்றி. போன மாதம் இதே மேடையில் இதே நிறத்தில் ஒரு பொன்னாடையைப் பார்த்த ஞாபகம். பரவாயில்லை, நானும் அடுத்த கூட்டத்துக்குத் திருப்பித் தந்துவிடுகிறேன்.

கிண்டி பொறியியல் கல்லூரியும் அண்ணா பல்கலைக்கழகமும் என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். மூன்று விஷயம் பேசப்போகிறேன். ஒன்று, அது பிறந்த கதை. இரண்டு, வளாக வாழ்க்கை. மூன்று, பிள்ளைகளை எந்தப் பிரிவில் சேர்ப்பது. பாதிப் பேர் மூன்றாவதற்காகத்தான் வந்திருக்கிறீர்கள் என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

வட்டாட்சியர் ஐயா எதிரில் இருப்பதால் முதல் விஷயத்தைக் கொஞ்சம் பயந்தே சொல்ல வேண்டும், ஏனென்றால் அது நில அளவை. 1792-இல் திப்புவோடு நடந்த போரின் முடிவில் சேலம், பாரமகால், திண்டுக்கல் பகுதிகள் கிழக்கிந்தியக் கும்பினியின் கைக்கு வந்தன. நிலம் கிடைத்தால் வரி வேண்டும். வரி போட அளக்க வேண்டும். சீமையிலிருந்து ஆள் கூட்டிவந்தால் கட்டுப்படியாகாது. அப்போது சென்னையில் வானியலாளராகவும் அளவையாளராகவும் இருந்த மைக்கேல் டாப்பிங் என்பவர், இங்கேயே பையன்களைப் பழக்கலாம் என்று யோசனை சொன்னார். 1794 மே 17-இல் செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் அளவைப் பள்ளி தொடங்கியது. மாணவர் எத்தனை பேர்? எட்டுப் பேர். இன்று நானூறுக்கு மேற்பட்ட கல்லூரிகளை இணைத்து வைத்திருக்கும் பல்கலைக்கழகத்தின் வேரைத் தேடிப்போனால், எட்டுப் பையன்களும் ஒரு சங்கிலியும்தான் இருக்கிறார்கள்.

சங்கிலி என்றதும் ஒரு சின்ன விலகல். நாமெல்லாம் சென்ட் கணக்கில் நிலம் வாங்குகிறோம், விற்கிறோம், அண்ணன் தம்பி சண்டை போடுகிறோம். அந்தச் சென்ட், சங்கிலியோடு ஒட்டிப் பிறந்த கணக்கு. குண்டர் என்ற ஆங்கிலேயர் பெயரில் வழங்குகிற அளவைச் சங்கிலி 66 அடி நீளம், அதில் 100 கண்ணிகள். ஒரு சங்கிலிக்கு ஒரு சங்கிலி என்று பத்துச் சதுரம் அளந்தால் ஒரு ஏக்கர். ஏக்கரில் நூறில் ஒன்று சென்ட், அதாவது 435.6 சதுர அடி. அந்தப் புள்ளி ஆறு எங்கிருந்து வந்தது என்று கேட்காத வாத்தியாரும் கிடையாது, சொல்லித் தந்த வாத்தியாரும் எனக்குக் கிடையாது. வட்டாட்சியர் ஐயா தலையை ஆட்டுகிறார், கணக்குச் சரிதான் போலிருக்கிறது.

நான் சொல்லவருவது இதுதான். அந்தப் பள்ளியில் பையன்கள் வெயிலில் சங்கிலியை இழுத்துத்தான் படித்தார்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்களே, அங்கே சுரைக்காய் கொடியிலேயே காய்த்தது. இந்தப் பழமொழியை இன்று நான் அடிக்கடி சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் பொறுத்துக்கொள்கிறார்கள்.

மீதி வரலாற்றை ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். 1858-இல் அது சிவில் பொறியியல் பள்ளி ஆயிற்று, அடுத்த ஆண்டே கல்லூரி. 1894-இல் எந்திரவியல் வந்தது. 1920-இல் கிண்டிக்கு இடம் மாறியது. 1930-இல் மின்பொறியியல். அப்புறம் 1978 செப்டம்பர் 4-இல் கிண்டிக் கல்லூரி, அழகப்பச் செட்டியார் பெயரில் 1944-இல் வந்த தொழில்நுட்பக் கல்லூரி, குரோம்பேட்டையில் 1949-இல் சி. ராஜம் தொடங்கிய எம்.ஐ.டி. என்கிற மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி, கட்டடக்கலைப் பள்ளி ஆகிய நான்கையும் சேர்த்து அறிஞர் அண்ணா பெயரில் பல்கலைக்கழகம் ஆக்கினார்கள். 2007-இல் அதைப் பிரித்து இந்தக் கோவைக்கும் ஒரு பல்கலைக்கழகம் கொடுத்தார்கள். 2012-இல் திரும்பச் சேர்த்துவிட்டார்கள். அரசாங்கம் பாகப்பிரிவினை செய்தால் ரத்தும் செய்துவிட முடியும், நம்மால்தான் முடியாது.

படித்தவர்கள் பட்டியலை வாசித்தால் விடிந்துவிடும். பாலுக்குப் பேர்போன வர்கீஸ் குரியன் அங்கே எந்திரவியல் படித்தவர். 1994-இல் கணினித் துறையின் பெரிய பரிசான டூரிங் விருது வாங்கிய ராஜ் ரெட்டி அங்கே படித்தது கணினி அல்ல, சிவில். கிரிக்கெட்டில் வெங்கட்ராகவனும் ஸ்ரீகாந்தும் அந்தக் கல்லூரிதான். கலாம் ஐயா குரோம்பேட்டை எம்.ஐ.டி. எனக்கு இவர்கள் எல்லோரையும்விட முக்கியமானவர் லலிதா அம்மையார். பதினெட்டு வயதில் கணவரை இழந்தவர், கையில் பெண் குழந்தை. தந்தை அங்கேயே மின்பொறியியல் பேராசிரியர். ஆண்கள் மட்டுமே படித்த இடத்தில் 1940-களின் தொடக்கத்தில் மின்பொறியியல் படித்து முடித்தார். கூடவே திரேசியா, லீலம்மா என்று இரண்டு பேர் சிவிலில். பட்டச் சான்றிதழில் ‘அவன்’ என்றே அச்சடித்து வைத்திருந்தார்களாம். அதை அடித்துவிட்டு ‘அவள்’ என்று கையால் எழுதிக் கொடுத்தார்கள். அச்சுத்தாள் மாறக் காத்திருக்காமல் மனுஷி முன்னால் போய்விட்டார்.

சரி, வளாக வாழ்க்கை. நான் எண்பதுகளின் தொடக்கத்தில் அங்கே எந்திரவியல் படித்தேன். வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு அந்தச் செங்கட்டடம்தான் கண்ணில் படும், எல்லாரும் அதன் முன்னால் நின்றுதான் படம் எடுத்துக்கொள்வார்கள். ஒருபக்கம் அடையாறு, சாலையைத் தாண்டினால் கிண்டிக் காடு. டெக்கோபெஸ் என்கிற கலைவிழா வந்தால் ஊர்க் கல்லூரிகள் எல்லாம் அங்கேதான். பிறகு வந்த பிள்ளைகள் குருக்ஷேத்ரா என்று தொழில்நுட்ப விழாவும் நடத்துகிறார்கள். மாணவர்களும் ஆசிரியர்களும் சேர்ந்து செய்த 40 கிலோ எடையுள்ள அனுசாட் செயற்கைக்கோள் 2009 ஏப்ரல் 20-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து மேலே போனது. இந்தியாவில் ஒரு பல்கலைக்கழகம் செய்த முதல் செயற்கைக்கோள் அது. தொண்ணூறுகளின் கடைசியில் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வந்தபோது தமிழ்நாடே அந்த வளாகத்து மரத்தடியில் மஞ்சப்பையோடு உட்கார்ந்திருந்தது. உங்களில் சிலரும் உட்கார்ந்திருப்பீர்கள். 2018-லிருந்து எல்லாம் இணையவழி ஆகிவிட்டது. மரத்தடி காலி.

இந்த வளாகத்தில் நான்கு வருஷம் படித்து, டிராயிங்கில் நல்ல மதிப்பெண் வாங்கிக்கொண்டு, இதே கோவையில் மோட்டார் பம்ப் செய்கிற ஒரு தொழிற்சாலையில் பயிற்சிப் பொறியாளராகச் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். முதல் நாள், காலை எட்டரை மணி. ஃபோர்மேன் வேட்டிமேல் காக்கிச் சட்டை போட்டவர், அறுபது வயதிருக்கும். சொன்னார்: “தம்பி, ஸ்டோர்ல போயி மூணு நூல் டிரில்லு ஒண்ணு வாங்கிட்டு வாங்க.”

நான் நடந்துபோகும்போதே யோசித்தேன். டிரில் புரிகிறது. நூல் எதற்கு? ஆனால் கோவை நூல் மில் ஊர். இந்த ஊரில் எதற்கும் நூல் தேவைப்படும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஸ்டோர்காரரிடம், “ஃபோர்மேன் ஐயாவுக்கு மூணு நூலும் டிரில்லும் வேணுமாம்” என்றேன். அந்த மனிதர் சிரிக்கவில்லை, அதுதான் கொடுமை. கை துடைக்கிற பஞ்சு வேஸ்ட் மூட்டையிலிருந்து நிதானமாக நூலை உருவினார். ஒன்று, இரண்டு, மூன்று. நீளம் சரியாக இருக்கிறதா என்று தூக்கிப் பார்த்தார். என் உள்ளங்கையில் வைத்தார். “டிரில்லு என்ன சைஸ்னு கேட்டுட்டு வாங்க” என்றார்.

மூன்று நூலை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு, காற்றில் பறந்துவிடக் கூடாதே என்று இன்னொரு கையால் மூடிக்கொண்டு, லேத்து வரிசை முழுவதையும் கடந்து வந்தேன். ஒவ்வொரு லேத்தாக நின்றது. ஃபோர்மேன் என் கையைத் திறந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். “பி.ஈ.யுங்களா தம்பி?” என்று மட்டும் கேட்டார்.

அண்ணன் சிரிக்கிறார். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பட்டறையில் ஒரு நூல் என்றால் ஓர் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. மூணு நூல் என்றால் எட்டில் மூன்று, ஏறக்குறைய ஒன்பதரை மில்லிமீட்டர். போல்ட்டு வாங்கப் போகிற எட்டாவது படித்த பையனுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது.

கதை முடியவில்லை. அடுத்த வாரம் ஒரு டிராயிங் போட்டேன். இரும்புக் கட்டையில் பாதி ஆழம் வரை ஒரு சதுரக் குழி. நான்கு மூலையும் கத்தி மாதிரி கூராக. ஃபோர்மேன் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, ரொம்பவும் மரியாதையாக, “ஏனுங் தம்பி, இந்த மூலைக்குள்ள போறதுக்குச் சதுரமாச் சுத்தற கட்டரு உங்க காலேஜ்ல இருக்குதுங்களா?” என்றார். இப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. இரண்டு நாள் கேட்லாக்கில் சதுரமாகச் சுற்றும் கட்டரைத் தேடினேன்! மூன்றாம் நாள் அவரே மில்லிங் எந்திரத்தின் முன்னால் என்னை நிறுத்திக் காட்டினார். சுற்றுகிற கட்டர் எப்போதும் உருண்டை. மூணு நூல் கட்டரை மூலைக்குள் விட்டால் ஒன்றரை நூலுக்கு வளைவு நின்றுவிடும். அதை உளியும் அரமும் கொண்டு கையால்தான் எடுக்க வேண்டும். “நீங்க ஒரு கோடு போட்டுட்டுப் போயிருவீங்க. அந்தக் கோட்டுக்குள்ள நான் ரெண்டு நாள் குடியிருக்கோணும்” என்றார். (சதுர ஓட்டை போடுகிற டிரில் ஒன்று உலகத்தில் இருக்கிறது என்று பல வருஷம் கழித்துத் தெரிந்துகொண்டேன். அதிலும் மூலை முழுக் கூராக வராதாம். ஃபோர்மேனிடம் போய்ச் சொல்லலாம் என்று பார்த்தால் அவர் இல்லை.)

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. அன்று நானே அந்தச் சுரைக்காய்.

இப்போது நான் எதற்கு வருகிறேன் என்று தமிழாசிரியர் ஐயாவுக்குப் புரிந்திருக்கும். நான் படித்தபோது துணைவேந்தராக இருந்தவர் வா.செ. குழந்தைசாமி. நம்ம கரூர்ப் பக்கத்துக்காரர், நீரியல் வல்லுநர், கவிஞர், 1988-இல் சாகித்திய அகாதெமி பரிசும் பெற்றவர். பொறியியலும் தமிழும் ஒரே மேசையில் உட்காரலாம் என்று நடந்து காட்டிய மனிதர். இதே கோவையில் 2010 ஜூனில் செம்மொழி மாநாடு நடந்ததே, அந்த ஆண்டுதான் அண்ணா பல்கலைக்கழகத்தில் சிவிலும் எந்திரவியலும் தமிழ்வழியில் தொடங்கின. 2022-லிருந்து ‘தமிழர் மரபு’, ‘தமிழரும் தொழில்நுட்பமும்’ என்று இரண்டு தாள்கள் முதலாண்டில் கட்டாயம். நெசவு, பானைத் தொழில், இரும்புருக்கு எல்லாம் உண்டு. கைதட்டி வரவேற்கிறேன்.

ஆனால் பாடநூல் தமிழைப் பாருங்கள். டிரில்லுக்குத் துரப்பணம் என்று எழுதுகிறோம். எழுதட்டும். கொல்லன் பட்டறையிலும் கொத்தனார் கையிலும் தச்சர் வாயிலும் ஏற்கெனவே இருக்கிற சொற்களை யார் எழுதுவது? ரசமட்டம், தூக்குக்குண்டு, மூலைமட்டம், இழைப்புளி, துருத்தி, சாணை, மரை, பிசிறு. மரை கழன்றவன் என்று திட்டத் தெரிகிற பையனுக்கு, மரை என்பது போல்ட்டில் ஓடுகிற புரி என்று தெரிவதில்லை. பம்பரமும் தொட்டில் கட்டையும் கடைந்தவர்கள் விட்டுப்போன கடைசல் என்ற சொல் மட்டும் எப்படியோ ஏடு ஏறிவிட்டது. மற்றவற்றுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. கணினி ஓட்டுகிற சி.என்.சி. எந்திரம் வந்த பட்டறையில் நூல் கணக்கைப் புதுப் பையன்கள் கேட்பதே இல்லை. இன்னும் இருபது வருஷத்தில் சொன்னவரும் இருக்க மாட்டார், கேட்டவரும் இருக்க மாட்டார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது, ஒப்புக்கொள்கிறேன். ஏட்டிலேயே ஏறாத சுரைக்காய்க்கு விதைகூட மிஞ்சாதே ஐயா?

அதனால் என் கோரிக்கை இரண்டு. முதலாண்டில் குழாய் இணைப்பு, மரவேலை, பற்றவைப்பு, மின்கம்பி வேலை எல்லாவற்றையும் ஒரே பருவத்துச் செயன்முறை வகுப்பில் அடைக்கிறார்கள். ஒரு பருவம் போதாது, இரண்டாம் ஆண்டு முழுக்க வாரம் ஒரு பிற்பகல் பட்டறைக்கு வேண்டும். அங்கே சொல்லித்தருகிற தொழிலாளியின் பெயரும் பாட அட்டவணையில் பேராசிரியர் பெயருக்குப் பக்கத்தில் அச்சாக வேண்டும். இரண்டாவது, பட்டறைச் சொல்லகராதி. அதைப் பல்கலைக்கழகம் போட வேண்டும். எட்டுப் பையன்களை வைத்து ஒரு மாகாணத்தையே அளக்கத் துணிந்த இடம் அது. எண்பது மாணவர்களைக் கணபதிக்கும் சிங்காநல்லூருக்கும் அம்பத்தூருக்கும் அனுப்பிச் சொற்களை அளந்துவரச் சொல்ல முடியாதா?

மூன்றாவது விஷயம் பாக்கி இருக்கிறது, தெரியும். நூலகர் அம்மா கடிகாரத்தைப் பார்க்கிறார். எந்தப் பிரிவு என்பதற்குத் தமிழாசிரியர் ஐயா அடுத்த மாதம் வேறு நல்ல ஆளாக அழைப்பார்.

போகும்முன் ஒரு வேலை. கோடு போட்ட நோட்டு ஒன்று கொண்டுவந்திருக்கிறேன். பதினோரு பக்கம் நிரம்பியிருக்கிறது. இடப்பக்கம் சொல், வலப்பக்கம் பொருள், கீழே எந்தப் பட்டறையில் கேட்டது என்று இருக்கிறது. தப்பாக எழுதினாலும் பரவாயில்லை, வீட்டில் போய்த் திருத்திக்கொள்கிறேன். பேனாவை நூலில் கட்டியிருக்கிறேன், இது நிஜ நூல். நோட்டு முதலில் அண்ணனிடம் போகட்டும். அண்ணா, உங்களுக்கு எழுதக் கஷ்டம் என்றால் மகளிடம் சொல்லுங்கள், பாப்பா எழுதட்டும்.