ஐப்பசி மழையும் அடைபட்ட வடிகாலும்

(குறிஞ்சிப்பாடி பக்கத்தில் நடந்த உழவர் கூட்டத்தில் பேசியது)

அவைத் தலைவர் அவர்களே, ஆயிரம் வேலைக்கு நடுவே நேரம் ஒதுக்கி வந்திருக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே, வேளாண்மை உதவி இயக்குநர் அவர்களே, பள்ளி வளாகத்தில் பந்தல் போட இடம் கொடுத்த தலைமையாசிரியர் அம்மா அவர்களே, உளுந்து பறித்த கையோடு வந்திருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே, வணக்கம்.

மழை, விதை, வடிகால் என்று மூன்று சேதி சொல்ல வந்திருக்கிறேன்.

ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை என்பார்கள். அடைமழை விட்டுவிட்டுப் பல நாள் பெய்யும். மண் குடிக்கும், ஏரி நிரம்பும், பயிர் தாங்கும். கடலூர் மாவட்டத்துக்கு வருஷ மழையில் பாதிக்கு மேல் இந்த வடகிழக்குப் பருவத்தில்தான். ஆனால் இப்போது கடலும் காற்றும் சூடேற ஏற, 1 டிகிரிக்குச் சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைக் காற்று சுமக்கிறது. அது இறங்கும்போது மொத்தமாக இறங்குகிறது. 2024 ஃபெஞ்சல் புயலில் பக்கத்துப் புதுச்சேரியில் ஒரே நாளில் சுமார் 48 சென்டிமீட்டர் கொட்டியது. 2021 ஜனவரியில் அறுப்புக்கு நின்ற சம்பா நனைந்து சாய்ந்து, கதிரிலேயே முளை விட்டதை டெல்டாவில் பார்த்தோம்.

2015 தீபாவளிக்கு முந்தின ராத்திரி நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் பெரியப்பாவுக்கு மூன்று ஏக்கர் சம்பா, தூர் கட்டுகிற பருவம். சாயங்காலமே வரப்பு மறைந்துவிட்டது. அம்மா சுட்டு வைத்த அதிரசத்தை யாரும் தொடவில்லை. பெரியப்பா, நான், பங்காளி வீட்டுப் பையன்கள் ஆளுக்கொரு மண்வெட்டியோடு, டார்ச் வெளிச்சத்தில் இடுப்பளவு தண்ணீரில் வடிகாலைத் தேடிப் போனோம். சின்ன வயதில் நான் நீந்திப் பழகிய வடிகால் அது. அன்றைக்கு ஒரே தாண்டில் தாண்டலாம் போல ஒடுங்கி, காட்டாமணக்கும் ஆகாயத்தாமரையும் அடைத்துக் கிடந்தது. விடிய விடிய வெட்டினோம். பத்தடி வழி கிடைத்தது, அவ்வளவுதான். எட்டு நாள் கழித்துத் தண்ணீர் வடிந்தபோது பயிர் கையோடு வந்தது, வேர் அழுகிப் போயிருந்தது. பெரியப்பா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "ஐப்பசியில் அடைமழை பெய்யத்தான்டா செய்யும், அது போற வழியை யார்டா அடைச்சது?" என்றார். அந்தக் கேள்வியைத்தான் நான் பத்து வருஷமாகத் தூக்கிக்கொண்டு அலைகிறேன்.

விதையைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெள்ளத்தில் இரண்டு வாரம் வரை மூழ்கினாலும் தாக்குப்பிடிக்கும் சி.ஆர். 1009 சப் 1 என்ற நெல் ரகம் இருக்கிறது, உதவி இயக்குநர் ஐயா விளக்குவார். ஆனால் எந்த ரகமாக இருந்தாலும் தண்ணீர் வடிந்தாக வேண்டுமே!

அதனால் நம் கோரிக்கை இதுதான். பெருமாள் ஏரியில் மேடிட்ட வண்டலை அள்ள வேண்டும். பரவனாற்றுக்குப் போகும் ஒவ்வொரு வடிகாலையும் அளந்து, கல் நட்டு, பழைய அகலத்துக்கு வெட்ட வேண்டும். கோடையிலேயே வெட்ட வேண்டும், ஐப்பசியில் அடைமழைக்கு நடுவே பொக்லைன் வந்து பயனில்லை. சென்ற வருஷம் ஓர் அலுவலகத்தில் மனு கொடுத்தோம், பதில் இல்லை. இந்த முறை ஊர் ஊராகச் சேர்ந்து போவோம்.

மேடைக்கு இடப்பக்கம் மேசையில் தாள் இருக்கிறது. பெயர், சர்வே எண், உங்கள் வயலை ஒட்டிய வடிகாலின் பெயர், மூன்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போங்கள். வணக்கம்.